சௌந்திரம் வளர்த்த கெடா

சௌந்திரத்துக்கு மறதி கிடையாது. எங்கள் ஊரில் மற்ற எல்லோருக்கும் அது தாராளமாக இருந்தது. அதனால் வந்த வினைதான் இதெல்லாம்.

ராசிபுரத்திலிருந்து வரும் மினி பஸ் திரும்புகிற இடம் எங்கள் ஊர். மூன்று பக்கமும் மலை, நடுவில் பள்ளம், அதில் நாற்பது வீடு. முதலில் வந்தவர்கள் பஞ்சத்துக்குத் தப்பி, ஆட்டை ஓட்டிக்கொண்டு, ஒரு வெண்கல மணியையும் தோளில் சுமந்து மேலேறினார்களாம். மணியை மாட்டிய இடம் கோயிலானது, கோயிலைச் சுற்றி ஊரானது. வெளியாள் எட்டிப் பார்க்காத இடம் என்பதால் நல்லதும் கெட்டதும் எங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். கெட்டது கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு நோன்பி, அதுதான் எங்கள் கோயில் திருவிழா. ஊர்க்கெடாவை முறை வைத்து ஒரு வீடு வளர்த்துக் கொடுக்க வேண்டும். பூசாரி அதன் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார். கெடா உடம்பை உதற வேண்டும். அதைத் துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, உடனே வெட்டு. அது விழுந்த பிறகுதான் மற்ற வீடுகளில் ஆடு கோழி அறுக்கக் கத்தியைத் தொடலாம். துலுக்காவிட்டால் ஊரில் யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள், அதைச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியும் துலுக்காத கெடாவை ஊர்ப் பெரியதனக்காரர் அடுத்த நோன்பி வரை தன் வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். சாமிக்கு விட்ட உயிர் என்பதால் கட்டிப்போடவும் கூடாது.

எங்கள் பெரியதனக்காரர் தனபால். சௌந்திரத்தின் வீட்டுக்காரர் மணியன். ஒரு நோன்பிக்கு முந்தின நாள் கோயில் மணி காணாமல் போனது. காவலுக்குப் படுத்திருந்தவர் மணியன் என்பதால் தனபாலுக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை. கோயில் முன்னால் நிற்கும் புளியமரத்தில் அவரைக் கட்டிவைத்தார். பகல் முழுக்க ஊர் பார்த்தது. அவிழ்த்துவிட ஒரு கை நீளவில்லை. அதன்பின் மணியன் திருச்செங்கோட்டுக்குப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டியில் சேர்ந்தார். வடக்கே எங்கேயோ போர் போடப் போன இடத்தில் மாரடைப்பு. பெட்டியில்தான் திரும்பி வந்தார். திருடன் என்ற பெயரோடுதான் புதைத்தோம்.

பிறகொரு கோடையில் பொதுக்கிணற்றைத் தூர் வாரியபோது சேற்றோடு மணி மேலே வந்தது. தனபால் அதைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டி, சாமி தன் பொருளைத் தானே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது என்று கற்பூரம் காட்டினார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மணியனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சௌந்திரம் தனபால் வீட்டுக்குப் போய், மணியன் எடுக்கவில்லை என்று சபையில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டாள். செத்தவனுக்கு எதற்குச் சபை என்று சொல்லிவிட்டு அவர் டிவி சத்தத்தைக் கூட்டினாராம். மனுஷனா அவர்?

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். தனபாலின் வாயிலிருந்து, அதே புளியமரத்தடியில், எல்லோர் காதிலும் விழும்படி வேண்டும்.

ஊர்க்கெடா முறை அவள் வீட்டுக்கு வர இருந்தது. பால்குடி மறக்காத கறுப்புக் குட்டி ஒன்றைப் பிடித்து வந்தாள். அவளுக்குப் பக்கத்து வீடு என்னுடையது. தினமும் சாயங்காலம் குட்டியின் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவாள். உதறினால் மறுபடி ஊற்றுவாள். அசையாமல் நின்றால் ஒரு கைப்பிடி கடலைக்கொடி கொடுப்பாள். உண்ணி போகக் குளிப்பாட்டுவதாக என்னிடம் சொன்னாள். ஆட்டைத் தினமும் குளிப்பாட்டுகிற பைத்தியம் எங்கள் ஊரில் கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் தனபாலைக் கண்டால் ஆகாது. குட்டி கெடாவானபோது குடத்தோடு கவிழ்த்தாலும் நின்று அசைபோட்டது. காதுக்குள் ஊதினால் மட்டும் உடம்பெல்லாம் உதறும். அது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

நோன்பியும் வந்தது. வீட்டுக்கு வீடு மசால் அரைத்து அடுப்பு மூட்டியாகிவிட்டது. மருமகன்கள் எல்லாம் காரில் வந்து இறங்கிப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். புளியமரத்தடியில் பூசாரி முதல் குடத்தை ஊற்றினார். கெடா தன் கழுத்து மாலையிலிருந்த வேப்பிலையைக் கடித்துத் தின்றது. இரண்டாம் குடத்துக்கும் அப்படியே நின்றது. மூன்றாவதற்குக் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

குற்றம் இருந்தால் சொல்லுங்கள் என்றார் பூசாரி. ஒருவர் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். சாலம்மாள் சொசைட்டிப் பாலில் தண்ணீர் கலந்ததைச் சொல்லி அழுதாள். ஊருக்கே தெரிந்த ரகசியங்கள்தான். கெடா அசையவில்லை.

“மணியன் விசயம் ஒண்ணு பாக்கி இருக்குதுங்களே” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல்தான்.

எல்லாத் தலையும் தனபால் பக்கம் திரும்பியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மணியன் மணிய எடுக்கலீங்க. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்.”

சௌந்திரத்தின் கண் நிறைந்துவிட்டது. அவள் கெடாவிடம் போய்க் கழுத்தைத் தடவுகிற மாதிரி குனிந்தாள். வாயைக் காதோரம் கொண்டுபோனாள். ஊதப் போகிறாள், இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அதற்குள் பூசாரி அவசரப்பட்டு இன்னொரு குடத்தைக் கவிழ்த்தார். கெடா கல்லாக நின்றது. அதைப் பார்த்ததும் தனபால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எம்பையன் சந்தோஷ்குமாருதான் குடிச்சுப்போட்டு மணியக் கெணத்துல வீசுனான். அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மணியனைக் கட்டுனேன்.”

இது சௌந்திரத்துக்கே தெரியாது. அவர் ஆத்திரத்தில் தப்பாக நினைத்துவிட்டார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். குனிந்தவள் ஊதாமல் நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கெடாவை ஏற்றுக்கொள்ளும்படி சாமியிடம் அவளே கேட்கட்டும் என்று ஊர் கெஞ்சியது. மணியனுக்காக ஒரு நாளும் கெஞ்சாத ஊர், கறிக்காகக் கெஞ்சியது. அவள் கெடாவின் கயிற்றைக் கொண்டுபோய்த் தனபால் கையில் வைத்தாள்.

“சாமிக்கு இன்னும் மனசு ஆறலீங்க. அடுத்த நோன்பி வரைக்கும் நீங்களே வெச்சுக் காப்பாத்துங்க.”

அன்றைக்கு மருமகன்கள் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் காரை எடுத்தார்கள். சந்தோஷ்குமாருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். கெடா ஊர்ச் சோளத்தையும் நிலக்கடலையையும் இஷ்டத்துக்கு மேய்கிறது. அது வாய் வைத்த காட்டுக்காரர் வாசலில் எல்லாம் தனபால் போய் நின்று மன்னிப்புக் கேட்கிறார். ஊரில் அவர் ஏறாத வாசல் இப்போது ஒன்றே ஒன்றுதான்.

சௌந்திரம் மட்டும் அவரை வரவைப்பதில்லை. தினமும் சாயங்காலம் சொம்புத் தண்ணீரோடு அவளே அவர் வீட்டுக்குப் போகிறாள். மஞ்சளும் கலந்துகொள்கிறாள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அவள் கெடாவின் முதுகில் தண்ணீரை ஊற்ற, தனபால் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார்.

“எனக்காகத் தெனமும் வந்து தீர்த்தம் ஊத்தறயே சாமி. உனக்குப் பெரிய மனசு.”

“இருக்கட்டுமுங்க. நாளைக்கும் வாரேன்” என்றாள் சௌந்திரம்.

கெடா அசையாமல் நின்றது. அவள் மடியிலிருந்து ஒரு கைப்பிடி கடலைக்கொடியை எடுத்து அதற்குக் கொடுத்தாள்.