ஆடிட் முடிந்த ஜிலேபி

எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை ஆடிட் நடக்கும்.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். அங்கே ஆடிட் என்றால் சில நாள் முன்பே தரையைக் கழுவி, மஞ்சள் கோட்டின் மேல் மறுபடி மஞ்சள் கோடு அடித்து, வருஷம் முழுக்கக் கண்ணில் படாத ஹெல்மெட்டுகளை எல்லாரும் மாட்டிக்கொள்வார்களாம். வந்தவர்கள் திருப்தியாகக் கிளம்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சர்க்கரை நோய் வந்தபோது அப்பா அதையும் இப்படியேதான் சமாளித்தார்.

ரத்தப் பரிசோதனை நெருங்கினால் வீட்டில் சோறு கிடையாது. கேழ்வரகுக் களி, கீரை, பாகற்காய். அப்பா எதிரில் நான் பிஸ்கட்டைத் தொடக்கூடாது. "அவுரு பாக்கசொல்லோ துன்னாத" என்று அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள். ஆனாலும் எனக்கு அந்த நாட்கள் மேல் வெறுப்பே இல்லை. ஆடிட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் சுடச்சுட ஜிலேபி கிடைக்கும்.

டாக்டரம்மா முடிவைப் பார்த்து, இந்த மாதமும் நன்றாக இருக்கிறதே என்பார். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்பார். அப்பா கைகட்டி நின்று, ஒன்றுமில்லை என்பார். அப்புறம் நாங்கள் ஜிலேபி தின்றுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போவோம். அங்கே தூரத்தில் பஸ் வரும்போதே நம்பரைப் படிக்கச் சொல்லி என் தோளைத் தட்டுவார். நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று சோதிக்கிறார் போலும் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திப் படிப்பேன்.

ஒருமுறை அப்பா இரண்டாவது ஜிலேபியைக் கடிக்கும் நேரத்தில் டாக்டரம்மா அதே கடைக்கு டீ குடிக்க வந்துவிட்டார். அப்பா ஜிலேபியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பாகு முழங்கை வரை வழிந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்றார். இப்படி ஒரு கேள்விக்குத்தானே நான் காத்திருந்தேன்.

"டெஸ்ட்டு முடிஞ்சிருச்சு டாக்டர். இனிமே அப்பா எல்லாம் துன்லாம். அடுத்த மாசம்தான் மறுபடி பாவக்கா."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று பார்த்தால், பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்காகவா இத்தனை பாகற்காய் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் எப்போதும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?

அப்பா கையிலிருந்த பாகைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு மங்குது மேடம். சொன்னா கிரேன உட்டு எறக்கிருவாங்கோ. இத்தினி வருசமா மேலயே குந்திக்கினு இருந்தவன், இனிமே கீய நின்னு இன்னா பண்ணுவேன்?"

டாக்டரம்மா டீயைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்ன வேலை, எந்த ஷிப்ட்டுன்னு நானும் ஒரு நாள்கூட கேட்கல பாருங்க" என்றார்.

அன்று பெஞ்சில் அவர்கள் பேசிய பேச்சு லேசில் முடியவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து, காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே தூங்கிவிடுவதை அப்பா சொன்னார். ராத்திரி கேன்டீனில் பன்னும் சர்க்கரை டீயும்தான் என்றார். மாத்திரை நேரத்தை டாக்டரம்மா ஷிப்ட்டுக்குத் தகுந்தாற்போல் மாற்றினார். களி கொண்டுபோகச் சொன்னதற்கு அப்பா முடியாது என்று முதல்முறையாக மறுத்துப் பேசினார். கடைசியில் சுண்டலில் இருவரும் ஒத்துப்போனார்கள். கண் தெளியும்வரை அப்பா கிரேனில் ஏறக்கூடாது. இது கொஞ்ச நாளைக்குத்தான் என்று தொழிற்சாலை டாக்டரிடம் தானே பேசுவதாக டாக்டரம்மா சொன்னார். எழுந்து போகும்போது, அடுத்த மாதம் ஜோடனை எதுவும் இல்லாமல், எப்போதும் இருக்கிற மாதிரியே வாருங்கள் என்றார். மிச்ச ஜிலேபி எனக்கு வந்தது.

அதுவரை அப்பா கீழே நின்று, கிரேன் தூக்கும் இரும்புக்குச் சங்கிலி மாட்டினார். ராத்திரி சாப்பிடும்போது, "கீயருந்து பாத்தா கிரேன் நல்லா பெர்சாத்தான் கீது" என்பார். அடுத்த மாதப் பரிசோதனை முடிவு படுமோசம். அதைப் பார்த்து டாக்டரம்மாவும் அப்பாவும் கல்யாண வீட்டில் சந்தித்தவர்கள் போல் சிரித்துக்கொண்டார்கள். நான் கணக்கில் மார்க் குறைந்து வந்தபோது வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் சில மாதங்கள் கழித்து, மறுநாள் முதல் கிரேனில் ஏறலாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். தூரத்தில் பஸ் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நம்பரை உரக்கப் படித்தார். கிளம்பிப் போகிற பஸ், அடுத்து வந்த பஸ், எதிரே நின்ற லாரியின் நம்பர் என்று ஒன்று விடாமல் படித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். வீடு போய்ச் சேரும்வரை அவரோடு பேசவே இல்லை.