பாதி காடு, பாதி கடல்

என் அலுவலகத்துக்கு வந்தால், நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். உட்கார்ந்ததும் குதிகாலால் தரையில் ஒரு தட்டு. பிறகு கண் மேலே போகிறது. மின்விசிறி எதில் தொங்குகிறது என்று பார்க்கிறார். "இதைக் கடைசியா எப்ப மேடம் கழட்டிப் பார்த்தீங்க?" என்று கேட்கிறார். மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவர் போன பிறகு நானே என் மேசையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'பிரேக்'. கட்டடம் திறப்பு விழாவுக்குத் தயாராகி, முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும், "பிரேக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிடுவாராம். ஆள் ஒல்லி. சட்டைப் பையில் பேனா அளவுக்கு ஒரு டார்ச். விரல் நகங்களின் ஓரத்தில், எத்தனை கழுவினாலும் போகாத கிரீஸ் கறுப்பு. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துவிட்டு, "பார்ப்போம்" என்பார். சில சமயம் "பார்க்கலாம்" என்பார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். அவர் மனைவிதான் விளக்கினாள்: "பார்க்கலாம்னா ஒருவேளை நடக்கும். பார்ப்போம்னா, நீங்க வேற வேலையைப் பார்க்கலாம்."

ஆப்பிரிக்கப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். முதலில் காடு, பிறகு கடற்கரை என்றுதான் பெரும்பாலும் போடுவோம். விடியலுக்கு முன் எழுந்து, ஜீப்பில் குலுங்கி, புழுதி குடித்து, சிங்கத்தைப் பார்த்த உடம்புக்கு, அதன் பிறகு மணலில் கிடக்கத் தோன்றும். இவர் வீட்டில் அது ஓர் உடன்படிக்கையாகவே இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி முடித்த ஒரே மகள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகப் போகிறாள். அதற்கு முன் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பயணம். அப்பாவுக்குச் சிறு வயதிலிருந்து காட்டு விலங்குகள் மேல் பைத்தியம். மகளுக்குக் கடல், பவளப்பாறை, மீன். பாதி காடு, பாதி கடல் என்று பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

இவ்வளவு முன்ஜாக்கிரதைக்காரர் காட்டுக்குப் பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் இல்லை. வேலியில்லாத கூடாரம், ராத்திரி பக்கத்திலேயே யானை மேயும் என்றேன். "நல்லது" என்றார். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு நடந்து போய்ப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு என்றேன். "அதையும் போடுங்க" என்றார். காட்டிலிருந்து கடற்கரைக்குச் சின்ன விமானம், அதில் கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள், துணிப்பைதான், பயணிகளையும் எடை போட்டுத்தான் உட்கார வைப்பார்கள் என்றேன். முகமே மலர்ந்துவிட்டது. "எடை போட்டு ஏத்துறான்னா ஒழுங்கான ஆளுங்க. நம்ம லிஃப்ட்ல எத்தனை பேர்னு போட்டிருக்கிற பலகையைப் பார்த்துட்டு ஏறுற ஒரு மனுஷனைக் காட்டுங்க பார்ப்போம்." மலேரியா மாத்திரையைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தபோது, அவர் அதை ஏற்கெனவே விசாரித்து வந்திருந்தார்.

"சிங்கம்னா பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு மேடம். வயிறு நெறஞ்சா படுத்துக்கும். வண்டியை விட்டு எறங்காதேன்னா நாம எறங்கப் போறதில்ல." டார்ச்சை எடுத்து என் மேசைக்கடியில் மின்கம்பிகள் போகும் இடத்தில் அடித்துப் பார்த்தார். "கடலுக்குத்தான் பிரேக்கே கிடையாது."

சும்மா சொல்கிறார் என்று நானும் சிரித்துவிட்டேன்.

முதல் தொலைபேசி அடுத்த வாரம் வந்தது. "மேடம், கடல் பக்கத்துல ஒரு நாளை எடுத்து யானைப் பக்கம் போடுங்க." போட்டேன். பிறகு இன்னொன்று: வறட்சிக் காலத்தில் விலங்குகள் நீர்நிலையைத் தேடி வருமாமே, அங்கே கூடுதலாக ஒரு நாள். அதையும் கடலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்புறம் ஒருமுறை, கடற்கரை விடுதியில் கடல் தெரியாத அறை கிடைக்குமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை. கடல் தெரியவில்லை என்று சண்டை போட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும். விடுதிக்காரர்களே குழம்பிப்போய், சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, ஆனால் அது பணியாளர்களுக்கு என்று பதில் போட்டார்கள். "அது போதும்" என்றார் இவர். ஒவ்வொரு தடவையும் வைப்பதற்கு முன், "வீட்ல நானே சொல்லிக்கிறேன்" என்பார். சொல்லவில்லை.

கடைசியாகச் சின்ன விமானத்துக்காரர்கள் என்னிடம் பதில் கேட்டார்கள். மூன்று இருக்கைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதைச் சொல்லத்தான் அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மகள் எடுத்தாள். திட்டத்தை இன்னொரு முறை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அதில் கடலுக்கு மிஞ்சியிருந்தது ஒரு மத்தியானம்.

மதியமே மூன்று பேரும் என் அலுவலகத்தில் இருந்தார்கள். மகள் முன்னால் வந்தாள். அம்மா அவள் பின்னால். அவர் வேலை உடுப்போடு, ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியிலிருந்து நேராக எழுந்து வந்தவர் போல, கடைசியாக. அன்று அவர் உட்காரவே இல்லை.

"மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கடலைப் பார்த்துக் கையாட்டிட்டு வரணுமாப்பா?"

"காட்டுலயே பார்க்க நெறைய இருக்கும்மா."

"அப்ப நீங்களும் அம்மாவும் போய்ட்டு வாங்க. நான் வரல."

அவர் தலையைச் சாய்த்தார். "பார்ப்போம்" என்றார்.

அந்தச் சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது. "என்ன பார்ப்போம்? பள்ளிக்கூடத்துல கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அனுப்பல. ஃப்ரெண்டு வீட்டுக் கல்யாணம் கடற்கரையில, அனுப்பல. கேட்டா பார்ப்போம். எனக்கு நீந்தத் தெரியும்பா. நல்லாவே தெரியும்."

அவர் மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"நீச்சல் வகுப்புல நான்தான் சேர்த்துவிட்டேன்" என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ரெண்டு வருஷமாச்சு. உங்ககிட்ட கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தலைமுடியில ஒரு மருந்து வாசனை வருமே. லேப் வாசனைன்னு சொன்னியே."

"ஆமா. சொன்னேன்."

கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவரோ சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் கால் தடுமாறும்போது அப்படித்தான் ஊன்றுவார்கள் போலிருக்கிறது. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார்.

"தெரியுமே. சின்ன வயசுல காய்ச்சல்ல போனவர்" என்றாள் மனைவி. "அத்தை சொல்லியிருக்காங்க."

"காய்ச்சல் இல்ல."

அவள் வாய் பாதி திறந்தபடியே நின்றது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளும் அன்றுதான் கேட்கிறாள்.

"எல்லாரும் கடலுக்குப் போயிருந்தோம். எனக்குக் கால்ல அடி, கட்டுப் போட்டிருந்தது. கரையில உக்கார வச்சுட்டாங்க. அவனும் அப்பாவும் தண்ணியில. அவன் தலை தெரிஞ்சுது. ஒரு அலை வந்துது, அப்புறமும் தெரிஞ்சுது. இன்னொண்ணு வந்துது. தெரியல." கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "நான் கத்தினேன். நல்லாத்தான் கத்தினேன். அப்பா திரும்பிப் பார்த்து, சிரிச்சுக்கிட்டே எனக்குக் கையாட்டினாரு. நான் விளையாடுறேன்னு நெனச்சுட்டாரு. அவனைக் கரைக்குக் கொண்டு வர்றப்ப பொழுது சாஞ்சிருச்சு. யாரும் அப்பாவை ஒண்ணும் கேட்டுடக் கூடாதுன்னு, பெரியவங்க கூடிக் காய்ச்சல்னு சொல்லிக்கலாம்னாங்க. நானும் அப்படியே சொல்லிக்கிட்டேன்."

மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் மெல்ல விலக்கிக்கொண்டு, "டிக்கெட்டை விட்டுடுங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். மாடிப்படிகளில் காலடிச் சத்தம் இறங்கியது. மகள் அழவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, என் நீச்சலைப் பார்க்கணும்னு சொன்னீங்கல்ல?" என்றாள். உண்மைதான், தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பவளப்பாறைக்கு அப்பால் போகிறேன் என்கிறவர்களை நான் ஒருமுறையாவது குளத்தில் பார்க்காமல் அனுப்புவதில்லை. "இப்பவே வாங்க. டிக்கெட்டுக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல?"

கீழே இறங்கினோம். அவர் போயிருக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டார். மகள் சொன்னாள். எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்களோடு நடந்தார்.

அது மேற்கூரை போட்ட பொதுக் குளம். கதவைத் திறந்ததும் மருந்து வாசனை முகத்தில் அடித்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகள் உடை மாற்றப் போன இடைவெளியில், காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய் நின்றார். அந்த மிதவை வளையம் கடைசியாக எப்போது பயன்பட்டது? இந்தக் கயிறு எவ்வளவு தாங்கும்? நீங்கள் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் யார்? கயிற்றைக் கையில் சுற்றி ஓர் இழு இழுத்தும் பார்த்தார். அந்தப் பெண் எரிச்சல்படாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. விமானத்துக்காரர்கள்தான். எடுக்கவில்லை.

மகள் இறங்கினாள். போனாள், வந்தாள். நான் பார்த்த நல்ல நீச்சல்களில் அதுவும் ஒன்று. கை தண்ணீரில் விழும் சத்தமே இல்லை. அவர் கரையோரமாக அவளோடு கூடவே நடந்தார். அவள் போனால் போனார், திரும்பினால் திரும்பினார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எதையோ எண்ணுகிற மாதிரி. "போதும்மா, பார்த்தாச்சு" என்று நான் சொல்ல நினைத்த நேரத்தில் அவள் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பக்கவாட்டு ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்து தண்ணீரின் மேல் தகடு போலப் பளபளத்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் நின்றுவிட்டார். டார்ச்சை எடுத்தார்; பட்டப் பகலில் அந்தப் பளபளப்பின் மேல் அடித்தார். "எங்க?" என்றார். காவல் பெண்ணைப் பார்த்து மறுபடி, "எங்க அவ?" அவள் நிதானமாக ஏதோ கை காட்டினாள். மனைவி "என்னங்க" என்று எழுந்தாள். அதற்குள் அவர் ஷூவோடு, வேலை உடுப்போடு, தண்ணீருக்குள் குதித்துவிட்டார்.

தண்ணீர் மார்பளவுதான். அங்கே நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் தண்ணீரைத் துழாவினார். அவர் தொண்டையிலிருந்து வந்தது யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியாது, மகளுடையது இல்லை. குளத்தின் மறுகோடியில் மகளின் தலை மேலே வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் திகைத்துவிட்டு, வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் நீந்தி வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"அப்பா, இங்கதான் இருக்கேன். இங்கதான்பா."

அவர் அவள் தலையை, காதை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நீ தெரியல" என்றார். "மேல இருந்து பார்த்தா நீ தெரியவே இல்ல."

"உள்ள இருந்து பார்த்தா தெரியும்பா. எல்லாமே தெரியும்."

காவல் பெண் எழுந்து வந்து, ஷூவோடு இறங்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஏறவில்லை. மனைவி கரையோரத்தில் முழங்காலிட்டுக் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டாரே தவிர, வெளியே வரப் பிடித்ததாகத் தெரியவில்லை. மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"மேடம், நான் எடுத்த நாளையெல்லாம் கடல்லயே திருப்பிப் போட்டுடுங்க." தலையைச் சாய்த்து யோசித்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் யானைக்கு இருக்கட்டும்."

அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. நான் தொலைபேசியை எடுத்து, மூன்று இருக்கைகளும் எங்களுக்குத்தான் என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் பின்னணியில் ஏன் இவ்வளவு எதிரொலி என்று கேட்டார்.

நான் பேசி முடித்துத் திரும்பியபோது மகளின் நீச்சல் கண்ணாடி அவர் கையில் இருந்தது. ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். தலையில் மாட்டிக்கொண்டார், காது ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது, மகள் அதை விடுவித்தாள். "போ" என்றார் அவளிடம். "இப்ப பண்ணினியே, அதே மாதிரி. உள்ளாரவே போ." அவள் தயங்கினாள். "போம்மா" என்றார்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறைந்தாள். அவர் ஒரு கையால் மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.