கான்ட்ராக்டருக்குப் போர்த்திய சால்வை

மைசூரில் நாங்கள் கட்டிய வீடு முதல் மழைக்கே ஒழுகியது. “வெளியே மழை விட்டாலும் உங்க ஹால்ல விடாது போலிருக்கே” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார். கான்ட்ராக்டர் எங்கள் சபைக்காரர்தான்; ஆனாலும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தேவராஜ மொஹல்லாவில் இருந்த ஒரு வக்கீலம்மா மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். பதிலோடு ஒரு போட்டோவும் வந்தது. வீட்டுப் பிரதிஷ்டையன்று ஜெபம் முடிந்ததும் நான் அவருக்குச் சால்வை போர்த்துகிற படம். வீடு கட்டியவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்களில் வழக்கமில்லை.

“அப்பவே விரிசல் இருந்துச்சா சார்?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“இருந்துச்சு மேடம். பூச்சு காய்ஞ்சா சரியாயிடும்னாரு.”

“அதைப் பாத்துட்டுமா சால்வை போட்டீங்க? வேலை திருப்தின்னு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடுச்சே!”

“சபையே பாத்துக்கிட்டு இருக்கும்போது எப்படிங்க சும்மா அனுப்பறது?” என்றாள் மனைவி.

“கேஸ் போடலாம்மா, வருஷக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னு என் வாயால சொல்ல முடியாது.”

வெளியே வந்தால் மழை. மார்க்கெட் ஓரம் ஒதுங்கி நின்றோம்.

“ஹால்ல வச்ச வாளி இந்நேரம் வழிஞ்சிருக்கும்” என்றாள் மனைவி. பிறகு, “நல்ல சால்வைங்க அது. நம்மகிட்ட இருந்திருந்தா தரை துடைக்கவாவது ஆகியிருக்கும்” என்றாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.