ஈக்குக் களி கிண்டும் சுஜாதா

கறுத்துத் தோல் வெடித்த வாழைப்பழமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள் சுஜாதா. மலையடிவாரத்துப் பழக்கடைக்காரர், "அது மாட்டுக்குன்னு ஒதுக்கினதும்மா" என்கிறார். "ஆங், அதான் வேணும்" என்று பையில் போட்டுக்கொள்கிறாள். கூட வந்த அண்ணி தமிழ்செல்விக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த கூத்து. சர்க்கரைப் பொங்கல் வைக்கிற பாத்திரத்தில் அந்தப் பழத்தோடு சோளமாவு, வெல்லம், கடல்பாசி எல்லாம் போட்டு ஈக்குக் களி கிண்டுவாள். பழத்தில் மொய்க்குமே, எள்ளளவு ஈ, அதற்குத்தான். சென்னை ஆய்வுக்கூடத்தில் ஏசி கெட்டுப்போனதால், ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களில் விட்டுப் பஞ்சால் அடைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். மற்றக் குழாய்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் இத்தனை வருஷப் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஈயிடம் அப்படி என்ன இருக்கிறது என்று தமிழ்செல்வி கேட்டுப் பார்த்தாள். உடம்புக்குள் கால்பெயின் என்று ஒரு நொதி இருக்கிறதாம். கத்தரிக்கோல் மாதிரி, நரம்பில் வேண்டாத கிளைகளை நறுக்க உதவுமாம். இந்தக் குழாய் ஈக்களுக்கு அது கிடையாது. இல்லாமல் என்ன பாடு படுகின்றன என்று பார்த்தால், நாளைக்கு மனுஷருடைய நரம்பு நோய்க்கும் வழி தெரியலாமாம்.

"கால்சியம் வந்து தொட்டாதான் அது வேல செய்யும் அண்ணி. அதுவரிக்கும் தூங்கிகினே இருக்கும்."

"உங்கண்ணன் மாதிரின்னு சொல்லு. பால் டம்ளர் வந்து தொட்டாதான் எழுந்திருப்பாரு."

சிரித்தாளே தவிர தமிழ்செல்விக்கு எரிச்சல் அடங்கவில்லை. கொசுவத்தி கூடாது. ஊதுவத்தி கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிகூட சுஜாதாவின் அறைப் பக்கம் போகக் கூடாது.

கிருத்திகையன்று அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் துணியும் அடைத்த பிறகுதான் தமிழ்செல்வி சாம்பிராணி போட்டாள். பூஜை அறை முழுக்கப் புகை சூழ்ந்தபோதுதான் விளக்குக்குப் பின்னால் குழாய் கண்ணில் பட்டது. வீட்டிலேயே குளுமையான இடம் அதுதானாம். காலையில் கொண்டுவந்து வைத்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏண்டி, சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

ஓடி வந்த சுஜாதா குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈக்களெல்லாம் அசையாமல் கிடந்தன. குழாயைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். நிமிர்த்தி வைத்தால் மயங்கின ஈ களியில் ஒட்டிச் செத்துப்போகும். தானும் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தணிகேசா, ஈயின்னு பாக்காதப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள் தமிழ்செல்வி.

வெகுநேரம் கழித்து, "ஒண்ணு கால ஆட்டுது அண்ணி" என்றாள் சுஜாதா.

தமிழ்செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, நல்ல நாளும் அதுவுமாக ஈக்குக் காவல் காக்கிற தலையெழுத்தை நொந்துகொண்டே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். புகை வீட்டுக்குள் திரும்பாதபடி, முந்தானையால் தெருப் பக்கமாகவே விசிறிக்கொண்டு நின்றாள்.