ஆறு கடினச் சீவாளிகள்

மூக்கடைப்போடு ஊதிப் பள்ளிப் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு. மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை மனுக் கொடுத்தும் விட்டுக்கொடுக்காத பயிற்சி நேரம், மாலை ஆறிலிருந்து ஏழு. ஆண்களே உட்கார்ந்திருந்த கிளாரினெட் வரிசையில் ஒரு நாற்காலி, அதுவும் கால் ஆடுகிற நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலே, விரல் நீளமே உள்ள ஒரு சீவாளி. வில்லைக்காரி எதிர்ப்பை மீறி வென்றவை இவைதான். முதலாவதில் எதிர்த்தது மூக்கு. அடுத்த இரண்டில் ஊரார். கடைசியில் எதிர்த்தவள் அவளே.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்ப்பவள் என்பதால் அரங்கத்து இசைக்குழு அவளுக்கு வைத்த பெயர் அது. பகலில் ஒரு வில்லை மயிரிழை பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போடுவாள். மாலையில் இரண்டாம் கிளாரினெட். பதினோரு வருடமாகத் தற்காலிகம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குகிறவள் நிலைமை.

ஓபோ என்ற குழலை ஊதியவர் வேறு ஊருக்குப் போனதும் இசைக்குழு நடத்துனர் அவளைக் கூப்பிட்டார். தாளக்கோலால் முதுகு சொறிவார் என்பதால் அவருக்குக் குச்சி என்று பெயர்.

“ரெண்டாவது கிளாரினெட்ட எடுத்துடப் போறாங்கம்மா. ஓபோவும் சேத்து ஊதுற ஆளுன்னா நிரந்தரமாக்குறாங்களாம். மூணு மாசம் டைம். முடியுமா?”

“முடியும் சார்.”

ஓபோவை அவள் அதுவரை தொட்டதுகூட இல்லை. வீட்டில் அக்கா அது எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

“கிளாரினெட் மாதிரிதான்க்கா. கொஞ்சம் ஒல்லி.”

பூனையும் புலியும் ஒரே ஜாதி என்று பாலூற்றப் போனவள் பேச்சு.

கிளாரினெட்டில் ஒற்றை நாணல் தகடு, ரீடு என்பார்கள். அதன் கடினத்துக்கு எண் உண்டு. எண் ஏற ஏற மரியாதை ஏறும் என்பது அந்த வரிசையின் நம்பிக்கை. முதல் கிளாரினெட்காரர் பேச்சைத் தொடங்குவதே “நான் நாலு ஊதுற ஆளு” என்றுதான். வில்லைக்காரி மூன்றரை. அந்த அரைக்காக அவள் பட்ட ஏக்கம் கொஞ்சமல்ல. ஓபோவுக்கு இரண்டு தகடுகளைச் சேர்த்து நூலால் கட்டிய சீவாளி. சீவாளிக் கடைக்காரர் மஞ்சள் நூல் கட்டிய மென்மையான வகையை எடுத்து வைத்தார்.

“புதுசா தொடங்குறவங்களுக்கு இது போதும்மா.”

“நான் பதினெட்டு வருஷமா ஊதுறேன்.”

“ஓபோவா?”

“ஊதுறேன்” என்றாள் மறுபடியும். சிவப்பு நூல் கட்டிய கடின வகையில் ஆறு வாங்கி வந்தாள்.

கிளாரினெட் மூச்சைக் குடிக்கும். ஓபோவின் துளையோ ஊசிக்கண். உள்ளே போகாத மூச்சு திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. முகம் கத்திரிக்காய் நிறமானது. நான்காம் நாள் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கையில் மனு இல்லை.

“வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?” என்று கேட்டார்.

இசைக்குழுவில் ஓபோ ஒரு சுரம் கொடுக்கும். மற்றவர்கள் அதை வைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். மூன்றாம் மாத ஒத்திகையில் வில்லைக்காரி கொடுத்தாள். சீவாளி கல்லாக இருந்ததால் பல்லால் கவ்வி ஊதினாள். கவ்வக் கவ்வச் சுரம் மேலே ஏறியது. முதல் வயலின்காரர் அதைத் துரத்திக்கொண்டு முறுக்கினார், கம்பி அறுந்து விரலில் அடித்தது. எந்த முறுக்குக்கும் அசையாத பியானோ கீழேயே நின்றது.

“பியானோவ தூக்கி மேசை மேல வைங்கப்பா, சரியாப் போயிடும்” என்றார் முதல் கிளாரினெட்.

எல்லோரும் சிரித்தார்கள். குச்சி சிரிக்கவில்லை. “இன்னும் மூணு வாரம் இருக்கும்மா” என்றார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரமே கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார்.

“அண்ணனுக்கு என்ன பவர் போட்டீங்களோ, எனக்கு அதுக்கு மேல ஒண்ணு கூடவே போடுங்க. நான் என்ன அவனுக்குக் கொறஞ்சவனா?”

பின்னறையிலிருந்து வில்லைக்காரி எட்டிப் பார்த்தாள். “சார், கூடப் போட்டா கண்ணு தெரியாது, தலைதான் வலிக்கும். பெருமைக்கா சார் பவர் போடுவாங்க?”

சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்த வில்லையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய மனிதர் தன்னைத்தான் முறைக்கிறாள் என்று நினைத்து வெளியே போய்விட்டார்.

அன்று மாலை சீவாளிக் கடையில், யாரோ சொந்தக்காரருக்கு வாங்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மஞ்சள் நூல் காட்டுங்க” என்றாள். வாயில் வைத்தால் வாங்கியாக வேண்டும் என்பது கடை விதி. அதனால் கண்ணை நம்பினாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்தாள். இரண்டு தகடும் ஒரே மாதிரி மெலிந்திருக்கிறதா, நுனியின் வாய் அரைக்கண் மூடியதுபோல இரு பக்கமும் சமமாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். பதினேழு பார்த்து மூன்றை எடுத்தாள். கடைக்காரர் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

வீட்டில் இரண்டு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, குழலில் செருகாமல் சீவாளியை மட்டும் ஊதினாள். முதலாவது கீச்சிட்டது. இரண்டாவது இருமியது. மூன்றாவது, நல்ல ஓபோ சீவாளி எப்படிக் காக்கைபோலக் கரைய வேண்டுமோ அப்படிக் கரைந்தது.

“காக்கா கத்துது, யாரோ விருந்தாளி வரப்போறாங்க” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

“நிரந்தரம் வரட்டும்க்கா, அது போதும்.”

சோதனை நாளில் முதல் கிளாரினெட் அவள் மடியிலிருந்த ஓபோவைப் பார்த்துவிட்டார்.

“மஞ்சள் நூலா? சின்னப் பசங்க ஊதுறதாச்சே அது.”

“ஆமா சார். இதுல நானும் சின்னப் பொண்ணுதானே.”

குச்சி தலையசைத்தார். அவள் சுரத்தைக் கொடுத்தாள். அது பலகையில் குத்திய குண்டூசிபோல அசையாமல் நின்றது. பியானோக்காரி கட்டையைத் தொட்டாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. முதல் வயலின்காரர் முன்ஜாக்கிரதையாகக் கையில் வைத்திருந்த புதுக் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வரிசையாகச் சுருதி சேர்ந்து வந்து முதல் கிளாரினெட்டில் நின்றது. குச்சி காதைச் சாய்த்தார்.

“நாலு ஊதுற சார், நீங்கதான் மேல நிக்கிறீங்க. கொஞ்சம் எறங்கி வாங்க.”

அரங்கத்தில் தற்காலிக ஆட்களுக்குக் கையெழுத்து கிடையாது. வருகைப் பதிவேட்டில் எழுத்தர் டிக் போடுவார். மறுநாள் பழக்கதோஷத்தில் போடப் போனவர் கையை இழுத்துக்கொண்டு பேனாவை அவளிடம் நீட்டினார்.

“இனிமே நீங்கதாம்மா போடணும்.”

பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் கட்டத்துக்குள் அடங்க எழுதினாள். 2017, மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.