பூக்காரியும் பழைய பேப்பரில் சேர்ந்த நாள்

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். என் தராசை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தரையில் இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் ஒரு கம்பம், கம்பத்தின் மேல் சிவப்பாக எண் ஓடும் பெட்டி. மூட்டை மூட்டையாக ஏற்றினாலும் தாங்கும். எழுத்தை நான் கூட்டித்தான் படிப்பேன். எண் என்றால் தெருக்கோடியிலிருந்தே படித்துவிடுவேன்.

காகிதத்தை மொத்தமாக வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனி, இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு கடையை வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியனுப்பியது. எனக்கும் மந்தைவெளிக் கடைக்காரர் ஒருவருக்கும் போட்டி. எடையைக் கையால் எழுதக்கூடாது, தராசே கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், அது கம்பெனிக்குச் சொல்லும் என்பது அவர்கள் நிபந்தனை. ஒரு நாள் வெள்ளோட்டம் பார்ப்பார்கள். எடை சரியாக வந்தால் வேலை எனக்கு, பிசகினால் மந்தைவெளிக்கு. அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் அவரிடம் தோற்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள், தராசு பழுது பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். பெட்டியின் முதுகில் ஒரு கேபிளைச் சொருகி, மறுமுனையைக் கம்பெனி கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் ஏதேதோ கொட்டியது.

"இன்னா கண்ணு, என் தராசு எந்த ஊரு பாஷை பேசுது?"

"தராசு ஒரு வேகத்துல பேசுது ஆயா. கம்ப்யூட்டரு வேற வேகத்துல கேக்குது. ரெண்டையும் ஒரே வேகத்துல வெச்சா சரியாப்பூடும்."

"நானும் என் மருமவளும் அப்டித்தான் கீறோம். எங்களுக்கு யாரு பட்டன் வெச்சிகீறாங்க?"

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியின் பொத்தான்களை அழுத்தினாள். கேள்விக்குறிகள் போய், பலகையில் வைத்திருந்த கட்டின் எடை திரையில் பளிச்சென்று நின்றது. மந்தைவெளியை நினைத்துக்கொண்டேன்.

"எப்ப அனுப்பணும் ஆயா? நீங்க பட்டன அழுத்துனா போற மாதிரியும் வெக்கலாம். எடை ஆடாம நின்னா தானா போற மாதிரியும் வெக்கலாம்."

"தானாவே போவட்டும். ஒவ்வொரு வாட்டியும் அழுத்திக்கினு குந்திருக்க நான் இன்னா லிப்டா ஓட்றேன்?"

அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் தெருவில் காலையில் ஒரு வழக்கம் உண்டு. குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் என் பலகையில் ஏறி எடை பார்ப்பார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி ஏறுவார். டீக்கடைக்காரர் ஏறுவார், அவர் கடைக்கு வருகிறவர்களும் ஏறுவார்கள். கடைசியில், எல்லாரும் போன பிறகு, எதிரில் உட்காரும் பூக்காரி ஏறுவாள். சிவப்பு எண்ணை முந்தானையால் மறைத்து, அவள் மட்டும் எட்டிப் பார்ப்பாள். அவள் எடை அவளுக்கும் கபாலிக்கும் மட்டும்தான் தெரியும்.

வெள்ளோட்ட நாளிலும் எல்லாரும் அதேபோல் ஏறி இறங்கினார்கள். கேபிள் என்ற ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை.

வெயில் ஏறும் நேரத்தில் கம்பெனி ஆள் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியோடு வந்து நின்றார்.

"காலையிலேர்ந்து நானூறு கிலோ ஏறியிருக்கும்மா. சரக்கு எங்க?"

கடையில் இருந்தது நாலு கட்டுப் பேப்பர். அவர் திரையைக் காட்டினார். எழுபத்தொன்று, அறுபத்து நாலு, ஐம்பத்தெட்டு என்று வரிசையாக நின்றது. அப்போதுதான் கேபிள் நினைவுக்கு வந்தது.

"அது பேப்பரு இல்ல தம்பி. ஆளுங்க."

"ஆளுங்களா?"

"வாக்கிங் போறவங்க."

அவர் சிரிக்கவில்லை. "இத ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்டாங்கம்மா. பொய் எடை ஏத்தினீங்கன்னுதான் சொல்வாங்க. அப்புறம் மந்தைவெளிக்குத்தான் போகும்."

பொய் எடை. இந்தச் சொல்லை என் கடை வாசலில் நின்று ஒருவர் சொல்வதா? தெருவுக்கு இறங்கி, காலையில் ஏறினவர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். பெரியவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு வந்து ஏறினார். எழுபத்தொன்று.

"இளைச்சுட்டேன்னு ஆத்துல சொல்லிண்டிருந்தேன். கம்பெனிக்காராளே எழுதி வச்சுண்டுட்டா, இனிமே என்ன பண்றது," என்று இறங்கினார்.

டீக்கடைக்காரரும் மற்றவர்களும் ஏறினார்கள். காலையில் வந்த எண்ணோடு ஒவ்வொன்றும் கிட்டத்தட்டப் பொருந்தியது. ஒரு எண் மட்டும் பாக்கி.

"இந்த எண்பத்தெட்டு யாரு?" என்றார் கம்பெனி ஆள்.

எதிர்ப்பக்கம் பூக் கட்டும் விரல்கள் வேகமாயின. நேராக அங்கே போனேன்.

"நான் அந்தப் பக்கமே வர்லக்கா."

"நீ ஏறுனாத்தான் எனக்குச் சோறு."

"உனக்குச் சோறு, எனக்கு மானம். எங்க வூட்ல அறுபத்தஞ்சின்னு சொல்லிக்கினு கீறேன்."

"உன் வூட்டுக்காரு இங்க இல்லியே."

"அந்தப் பெரியவரு கீறாரே."

பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டீக்கடைக்காரரையும் நான் திருப்பி நிறுத்தினேன். பூக்காரி செருப்பைக் கழற்றினாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"காலையில விட முக்கால் கிலோ அதிகமா இருக்கே," என்றார் கம்பெனி ஆள்.

"நாஷ்டா துண்ணேன். அதையும் கம்பெனிக்குச் சொல்லணுமா நைனா?"

அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அது முழுதாக வருவதற்குள் அவருடைய போன் அடித்தது. அவருடைய ஆபீஸ்தான். மயிலாப்பூரில் எண்ணூறு கிலோ ஆகிவிட்டதாம், இன்னொரு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். சாட்சிக்கு ஏறினவர்களையும் என் தராசு விடாமல் அனுப்பியிருக்கிறது.

அவர் பலகையையும் பூக்காரியையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி வேண்டாம் சார். நான் என் கண்ணால பாத்துட்டு இருக்கேன். இது பேப்பர் இல்ல, ஜனங்க. தராசு சரியாத்தான் இருக்கு," என்றார் போனில். பிறகு அவரே பலகையில் ஏறினார். எண் திரையில் வந்ததும் அவசரமாக இறங்கினார்.

சாயங்காலம் பழுது பார்க்கும் பெண் மறுபடி வந்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் எடை போகும்படி மாற்றி வைத்தாள். வேலை எனக்கே கிடைத்தது. மந்தைவெளிக்காரர் வழியில் பார்த்தால் இன்னமும் வணக்கம் சொல்கிறார். நல்ல மனிதர்.

பூக்காரிக்குத்தான் பொத்தான் மேல் நம்பிக்கையே வரவில்லை. காலையில் வந்து நின்றுகொண்டு, "கேபிள புடுங்குக்கா," என்கிறாள். பிடுங்கி, அதன் முனையை அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டு நான் நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஏறுகிறாள்.