குதிகாலில் உப்புத் தண்ணீர்

சுனாமி வந்த மறு வருஷம், மரக்காணத்தில் உப்பு லாரி மேல் நின்று மூட்டை அடுக்கும்போது தவறி விழுந்தேன். முதுகெலும்பு உடைந்து, உள்ளே நரம்பு நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. யாருடைய கால்களோ என்னோடு வந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

ஸ்டெம் செல் பற்றிப் பேப்பரில் வந்ததை என் பெண்சாதிதான் கொண்டுவந்து காட்டினாள். நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து ஒருவகை செல்லைப் பிரித்து, முதுகுத் தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். அது நரம்பாக மாறினாலும் மாறுமாம். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அந்த செல்லு எங்க போய் ஒட்டணும்னு அதுக்கு யாரு சார் சொல்றது?"

அவர் சிரித்தார். "அதைத்தாங்க நாங்களும் தேடிட்டிருக்கோம். இது சோதனைதான். கண்டிப்பா பலன் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

மறைக்காமல் பேசிய அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்தால் வலிக்கும் என்றார்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. வலித்திருந்தால் நான் ஏன் அங்கே போகப்போகிறேன்?

செல்லை முதுகுத் தண்டில் போட்டு ஆறு மாதம் கழித்து, டாக்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி என்ன பெரிய ஊசி! உப்பளத்துக்காரனை உப்புத் தண்ணீரால் அல்லவா சோதிக்க வேண்டும்? குதிகால் வெடிப்பில் அது பட்டால் எப்பேர்ப்பட்டவனும் துள்ளுவான்.

ஊர் திரும்பிய மறுநாள் பெண்சாதி உப்பள வேலை முடிந்து வரும்போது, உப்பு விளையும் பாத்தியிலிருந்து ஒரு சொம்பு உப்பேறிய கெட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஊத்து," என்றேன்.

"ஊத்தித் தேச்சிட்டேன்யா. எரியலையா?"

கண்ணைத் திறந்தேன். அவள் கையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் விரல் வெடிப்புதான் எரிந்தது. என் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாகத் தரையில் படாத கால். ஒரு வெடிப்புகூட இல்லாமல் மழமழவென்று இருந்தது.

"இதுல எங்கய்யா எரியும்?"

எனக்கு மறுபடி ஆசை பிறந்துவிட்டது. அப்படியென்றால் தப்பு எங்கள் சோதனையில்தானே, செல்லில் இல்லையே! "பிளேடால லேசா கீறிட்டு ஊத்திப் பாரு," என்றேன்.

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டினாள். திரும்பி வந்து முந்தானையால் என் பாதத்தைத் துடைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்தக் கால் வெடிச்சு ரத்தம் வந்துதான் பாத்திருக்கேன். இப்பதான் ஆறியிருக்குது. நான் கீற மாட்டேன்யா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கை படுவதுகூட எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.